ஆர்டர் துணியில் டிசைனை எதுவரைக்கும் மாற்றலாம்?

"என்ன டிசைன் கேட்டாலும் செய்து தருவோம்" என்று விசிட்டிங் கார்டில் போடாத தையல் யூனிட்டை நான் பார்த்ததில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆர்டர் கொடுக்கப் போகிறவரும் சரி, புதிதாக நாலு மெஷின் வாங்கிப் போட்டு யூனிட் ஆரம்பிக்கிறவரும் சரி, தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வேறு. எதை எந்தக் கட்டம் வரைக்கும் மாற்றலாம், அதைத் தாண்டி மாற்றினால் செலவு யார் தலையில் விழும்? பெரிய கம்பெனிகளில் டிசைன் ஃபிளெக்ஸிபிலிட்டி என்று பேசுவதெல்லாம் கடைசியில் இந்த ரெண்டு கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

நான் இருப்பது பாலக்காட்டு எல்லையில். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம். துணி திருப்பூரிலிருந்து வரும், ஆர்டர் பாலக்காடு, திருச்சூர் பக்கமிருந்து வரும். ஸ்கூல் யூனிஃபார்ம், ஓணத்துக்கு கிளப்பில் எல்லோரும் ஒரே மாதிரி போடுகிற சட்டை, செண்டை மேளக் குழுவுக்கு உடுப்பு, கால்பந்து ஜெர்சி, உற்சவக் கமிட்டி டி-ஷர்ட் என்று எல்லாமே சின்ன ஆர்டர்தான். நூறு பீஸ், இருநூறு பீஸ். பத்தாயிரம் பீஸ் ஒரே மாடலில் ஓட்டுகிற ஏற்றுமதி கம்பெனியின் கணக்கு இதற்கு ஒத்துவராது. அங்கே லாபம் மாடல் மாறாமல் இருப்பதில் வருகிறது, இங்கே மாற்றிக் கொடுக்க முடிவதில்தான் வருகிறது.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றிலிருந்து வருவோம். ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது "உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க அக்கா" என்று சொல்லாத அம்மா உண்டா? சைடில் ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் துணி உள்ளே மடிந்து கிடக்கும், உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். தைத்த பிறகும் மாற்ற முடிகிற ஒரு உடுப்பு அது, ஏனென்றால் மாற்றத்துக்கான இடத்தை முன்பே காசு கொடுத்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள். அந்த ஒன்றரை இன்ச் துணியும் மீட்டர் கணக்கில் வாங்கியதுதானே. இதையே டி-ஷர்ட்டில் கேட்டால் நடக்காது. பின்னல் துணியை ஓவர்லாக் என்கிற ஓரம் தைக்கும் மெஷினில் தைக்கும்போது ஓரத்தை மெஷினே வெட்டிக்கொண்டு போகும், உள்ளே விட எதுவும் மிஞ்சாது. அதனால் டி-ஷர்ட் ஆர்டரில் சைஸ் தப்பினால் தப்பியதுதான், வேறு ஆளுக்குத்தான் போகும்.

இதிலிருந்தே ஒன்று புரியும். எந்தத் துணி, எந்த மெஷின் என்பதைப் பொறுத்து மாற்றக்கூடிய இடம் வேறுபடும். பிளெயின் துணியில் பேட்டர்னை, அதாவது வெட்டுவதற்கான பேப்பர் மாதிரியை, தலைகீழாகப் போட்டும் வெட்டலாம், இடைவெளியில் சின்ன பீஸ்களைச் செருகலாம், கடைசி நேரத்தில் ரெண்டு எக்ஸ்எல் கூடுதலாகக் கேட்டால்கூட மார்க்கரை, அதாவது துணிமேல் பேட்டர்ன் பீஸ்களை அடுக்கும் வரைபடத்தை, மாற்றிப் போட்டு எடுத்துவிடலாம். பெரிய கட்டம் போட்ட துணி என்றால் முன்பக்கம் ரெண்டும் பாக்கெட்டும் கட்டத்தோடு கட்டம் பொருந்த வேண்டும். யானையும் வாழை மரமும் அச்சடித்த துணி என்றால் எல்லா பீஸும் ஒரே திசையில் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் முதுகில் யானை தலைகீழாக நிற்கும். இந்த மாதிரி துணிக்கு நூறு பீஸுக்குத் தேவைப்படும் மீட்டரும் கூடும், பிற்பாடு மாற்றுவதற்கான இடமும் குறையும். அதனால், முடிவுகள் இன்னும் உறுதியாகாத ஆர்டருக்கு நான் எப்போதும் பிளெயின் துணியைத்தான் சொல்வேன். அலங்காரத்தை அச்சிலோ எம்பிராய்டரியிலோ பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

சரி, ஒரு ஆர்டர் எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டிப் போகிறது என்று பார்ப்போம். பேப்பரில் படம், பிறகு பேட்டர்ன், சாம்பிள், அப்புறம் துணி வாங்குவது, கட்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங். அச்சு என்பது கட்டிங்குக்கும் தையலுக்கும் நடுவிலும் வரலாம், எல்லாம் முடிந்த பிறகும் வரலாம், அது ஒரு பெரிய விஷயம், கொஞ்சம் கழித்து வருகிறேன். பேப்பரில் இருக்கும்போது காலரை மாற்றச் சொன்னால் செலவு ஒரு டீ. சாம்பிள் தைத்த பிறகு என்றால் அரை நாள் வேலை. துணி வாங்கிய பிறகு கலரை மாற்றினால் வாங்கின துணியை வேறு ஆர்டருக்குத் தள்ள முடியுமா என்று பார்க்க வேண்டும். கத்தரி வைத்தபின் கலரையோ சைஸையோ மாற்றினால் அது மாற்றம் என்ற கணக்கிலேயே வராது, இன்னொரு ஆர்டர். இருபது முப்பது அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து கட்டிங் மெஷினில் ஒரே ஓட்டாக வெட்டுகிறார்கள், ஒரு கழுத்து ஆழமாகப் போனால் முப்பது கழுத்தும் ஆழமாகத்தான் போயிருக்கும்.

இதனால்தான் சாம்பிளுக்குக் காசு கேட்கிற யூனிட்டை நான் சந்தேகப்பட மாட்டேன், சாம்பிளே வேண்டாம் நேராகத் தைத்துவிடலாம் என்கிற யூனிட்டைத்தான் சந்தேகப்படுவேன். சாம்பிளை யாராவது ஒரு ஆள் போட்டுப் பார்க்க வேண்டும். கையைத் தூக்க வேண்டும், உட்கார வேண்டும், செண்டைக்காரர் என்றால் செண்டையைத் தோளில் மாட்டிப் பார்க்க வேண்டும். துவைத்தும் பார்க்க வேண்டும், காட்டன் பின்னல் துணி சுருக்கத்தை முன்பே எடுத்துவிடும் காம்பாக்டிங் வேலை சரியாக ஆகாமல் வந்திருந்தால் முதல் துவைப்பிலேயே உயரம் குறையும். எல்லாம் சரி என்றால் அந்தச் சாம்பிளில் கையெழுத்துப் போட்டு ஒன்று அவர்களிடம், ஒன்று நம்மிடம். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் அந்த பீஸ்தான் பேசும்.

ஆனால் எல்லா மாற்றமும் ஒரே மாதிரி செலவு வைப்பதில்லை, இங்கேதான் புத்திசாலியான டிசைனுக்கு வேலை இருக்கிறது. நல்ல பேட்டர்ன் மாஸ்டர் ஒரு பாடியை, அதாவது சட்டையின் உடல் பகுதியை, அடிப்படையாக வைத்துக்கொள்வார். அதன் ஆம்ஹோலையும் (கை பொருத்தும் வளைவு) கழுத்து அளவையும் தொடவே மாட்டார். அந்த ரெண்டும் மாறாமல் இருக்கிற வரைக்கும் அரைக் கை, முழுக் கை, முக்கால் கை எதையும் அதே ஆம்ஹோலில் ஏற்றலாம். சாதா காலர், சைனீஸ் காலர், காலரே இல்லாத பட்டி எதையும் அதே கழுத்தில் வைக்கலாம். மூன்று கை, மூன்று கழுத்து, பாக்கெட் உண்டு அல்லது இல்லை. இது பதினெட்டு மாடல், புதிதாகப் பிட்டிங் பார்க்க வேண்டிய பாடி ஒன்றுதான். வாடிக்கையாளர் கண்ணுக்குப் பதினெட்டு வித சட்டை தெரிகிறது, கட்டிங் டேபிளுக்கு ஒரே சட்டை தெரிகிறது. அதே வாடிக்கையாளர் "தோள் கொஞ்சம் இறங்கின மாதிரி, லூஸா வேணும்" என்றால் அது சின்ன வாக்கியம்தான், ஆனால் தோள் இறங்கினால் ஆம்ஹோல் மாறும், ஆம்ஹோல் மாறினால் கை மாறும், அப்புறம் எல்லா சைஸுக்கும் கிரேடிங், அதாவது சைஸுக்குத் தக்க அளவைக் கூட்டிக் குறைப்பதை, திரும்பப் போட வேண்டும். வெளியே சின்னதாகத் தெரிகிற மாற்றம் உள்ளே பெரிதாக இருப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கேரளத்தில் 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுசேரி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பேன்ட் சட்டையை யூனிஃபார்மாகக் கொண்டுவந்தது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது ஞாபகம் இருக்கும். ஆணும் பெண்ணும் ஒரே உடுப்பு என்பதைப் பற்றி எல்லோரும் விவாதித்தார்கள். தைக்கிறவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. படத்தில் ஒரே பேன்ட்தான், பேட்டர்னில் அது ஒன்றாக இருக்க முடியாது. இடுப்புக்கும் சீட்டுக்கும் (உட்காரும் பகுதி) உள்ள வித்தியாசம் பையனுக்கும் பெண்ணுக்கும் வேறு, வளர்கிற வயதில் அது வருஷா வருஷம் மாறும். பையன்கள் அளவு அட்டவணையை வைத்து எல்லோருக்கும் வெட்டினால் இடுப்பில் லூஸ், சீட்டில் டைட். பின்பக்க இடுப்புப் பட்டியில் எலாஸ்டிக் வைப்பது, காலின் அடி மடிப்பில் ரெண்டு இன்ச் உள்ளே விடுவது, இந்த மாதிரி சின்ன ஏற்பாடுகள்தான் ஒரே டிசைனைப் பல உடம்புக்குப் பொருந்த வைக்கிறது. ஜூன் மாதம் ஸ்கூல் திறக்கும்போது வாங்கிய பேன்ட் மார்ச் வரை கணுக்காலைத் தொட வேண்டும் என்பதுதான் எந்தப் பெற்றோருக்கும் கவலை.

சைஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பிராண்டின் எல் இன்னொரு பிராண்டின் எக்ஸ்எல்லாக இருப்பது எல்லோருக்கும் அனுபவம். நம் ஊரில் பல கம்பெனிகள் வெளிநாட்டு அளவு அட்டவணையை வைத்து ஓட்டியதும் இதற்கு ஒரு காரணம். இந்தியர் உடம்புக்கென்று தனி அட்டவணை வேண்டும் என்று நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) இந்தியாசைஸ் என்ற பெயரில் அளவெடுப்புத் திட்டம் ஒன்றை எடுத்து நடத்தியது. நம் ஆர்டருக்கு அந்த அட்டவணைக்காகக் காத்திருக்க வேண்டாம். வாட்ஸ்அப் குரூப்பில் "உங்க சைஸ் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள், ஒரு சைஸ் செட்டைக் கொண்டுபோய் கிளப்பில் வைத்து எல்லோரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எம் என்று குரூப்பில் எழுதியவர்களில் பாதிப் பேர் எல்லில்தான் மூச்சு விடுவார்கள்.

இப்போது கலரும் அச்சும். நூறு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய இருபது இருபத்தைந்து கிலோ துணி போதும். அந்த இருபது கிலோவுக்காக "எங்கள் கிளப் கொடியில் இருக்கிற அதே பச்சை" என்று தனியாகச் சாயம் போடச் சொன்னால் சாயப்பட்டறையில் யோசிப்பார்கள். மெஷினின் கொள்ளளவுக்குத் துணி இல்லாவிட்டாலும் தண்ணீரும் ஆவியும் ஆளும் செலவாவது செலவாவதுதான். ஆகவே சின்ன ஆர்டருக்கு ரெடி ஷேடில், அதாவது ஏற்கெனவே சாயம் போட்ட துணியில், இருக்கிற பச்சைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. கலரில் இருக்கிற சுதந்திரம் ஆர்டரின் எடையைப் பொறுத்தது, இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

அச்சில் கணக்கு வேறு மாதிரி. ஸ்கிரீன் பிரின்ட் என்றால் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன். ஒரு ஸ்கிரீனுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று கலருக்கு 1200. முப்பது பீஸில் பிரித்தால் பீஸுக்கு 40 ரூபாய், முன்னூறு பீஸில் பிரித்தால் 4 ரூபாய். டிசைனை மாற்றினால் ஸ்கிரீன் திரும்பப் போட வேண்டும். டிடிஎஃப் (படத்தை ஃபிலிமில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு ஏற்றுவது) அச்சில் ஸ்கிரீனே கிடையாது, ஒவ்வொரு பீஸுக்கும் வேறு பெயர், வேறு நம்பர் போடலாம், ஆனால் முன்னூறு பீஸானாலும் பீஸ் விலை பெரிதாக இறங்காது. சப்ளிமேஷன், அதாவது சூட்டில் மையை ஆவியாக்கித் துணியில் ஏற்றும் அச்சு, பாலியஸ்டரில் மட்டும்தான் ஒழுங்காகப் பிடிக்கும், ஜெர்சிக்கு அருமை, காட்டனுக்கு வேண்டாம். எம்பிராய்டரியில் பஞ்சிங், அதாவது படத்தை மெஷினுக்கான ஃபைலாக மாற்றுவது, ஒரு தடவை செலவு, அப்புறம் எத்தனை ஸ்டிச் என்பதை வைத்து விலை. எது மாறும், எது மாறாது என்று தெரிந்தால்தான் இவற்றில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். நம்பர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும், லோகோ எல்லோருக்கும் ஒன்று என்றால் லோகோவை ஸ்கிரீனிலும் நம்பரை டிடிஎஃபிலும் போடலாம். இப்படிக் கலந்து செய்வதை விலை கேட்டுத்தான் வாங்க வேண்டும், யூனிட்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

முடிவைத் தள்ளிப்போடுவது என்பதே ஒரு உத்தி. இத்தாலியின் பெனட்டன் கம்பெனி இதில் பேர் போனது. வழக்கமாக நூலுக்குச் சாயம் போட்டுவிட்டு ஸ்வெட்டர் பின்னுவார்கள். அவர்கள் ஒரு பகுதி ஸ்வெட்டர்களைச் சாயம் போடாமலே பின்னி வைத்துக்கொண்டார்கள். கடையில் எந்தக் கலர் ஓடுகிறது என்று தெரிந்த பிறகு முழு ஸ்வெட்டரையும் சாயத்தில் போட்டார்கள். செலவு கொஞ்சம் கூடத்தான், ஆனால் விற்காத கலரில் சரக்கு தங்காது.

நம் ஊர் உதாரணம் நென்மாறா–வல்லங்கி வேலா, பாலக்காட்டுப் பக்கத்துக் கோயில் திருவிழா. மீனம் 20-ஆம் தேதி, ஏப்ரல் தொடக்கத்தில் வரும். ரெண்டு தேசம், அதாவது ரெண்டு ஊர்ப்பகுதி, யானை அணிவகுப்பிலிருந்து வெடிக்கட்டு வரைக்கும் எல்லாவற்றிலும் போட்டி. டி-ஷர்ட்டில் மட்டும் விட்டுவிடுவார்களா? ஒரு கமிட்டியின் டிசைன் இன்னொரு கமிட்டிக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் கடைசி வாரத்தில் மாற்றச் சொல்லிப் போன் வரும். "சேட்டா, ஆ டிசைன் வேண்டா, வேற ஒண்ணு நோக்காம்" (அந்த டிசைன் வேண்டாம், வேறு ஒன்று பார்க்கலாம்) என்று. இந்த மாதிரி ஆர்டரில் முதலில் முடிவு செய்ய வேண்டியது துணி, கலர், சைஸ் எண்ணிக்கை இந்த மூன்றும்தான். பிளெயினாக எல்லாம் தைத்து, அயர்ன் பண்ணி அடுக்கி வைத்துவிட்டால் அச்சைக் கடைசி நாலு நாளில் போடலாம். இதற்கு ஒரு விலை உண்டு. தைத்து முடித்த பீஸில் போடும் அச்சு ஒரு தையலைத் தாண்டி இன்னொரு பக்கம் ஓடாது, நெஞ்சிலும் முதுகிலும் மட்டும்தான் சுத்தமாக வரும். தோளிலிருந்து கை வரைக்கும் ஓடுகிற யானைத் தும்பிக்கை வேண்டும் என்றால் வெட்டிய பீஸிலேயே போட வேண்டும், அப்படியென்றால் ரகசியத்தை மூன்று வாரம் முன்பே உடைக்க வேண்டும். எது வேண்டும் என்பதைக் கமிட்டி முடிவு செய்யட்டும். ரெண்டும் கிடைக்காது.

யூனிட் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் புரியும். சில யூனிட்டில் லைன் போட்டிருப்பார்கள், ஒருவர் காலர் மட்டும், ஒருவர் கை மட்டும், ஒருவர் சைடு மட்டும். ஒரே மாடல் ஓடும்போது இதன் வேகத்தை எதுவும் மிஞ்ச முடியாது, மாடல் மாறினால் அன்றைய காலை போச்சு. வேறு சில யூனிட்டில் ஒரு டெய்லர் முழுப் பீஸையும் தைப்பார், வேகம் குறைவு, ஆனால் பத்து பீஸுக்கு ஒரு மாடல் என்றாலும் அசர மாட்டார். வெளியிலிருந்து தெரியாத இன்னொன்று நூல் மாற்றுவது. நாலு நூல் ஓவர்லாக்கில் நாலு கோன், அடி மடிப்பு தைக்கும் பேட்லாக்கில் தனியாக, சாதா தையல் போடும் சிங்கரில் மேல் நூல், பாபின் நூல். ஐந்து கலரில் இருபது இருபது டி-ஷர்ட் என்று ஆர்டர் வந்தால் ஐந்து தடவை எல்லா மெஷினிலும் கோன் மாற்ற வேண்டும். நூறு ஒரே கலர் டி-ஷர்ட் விலையில் இதைக் கேட்டால் மாஸ்டர் முகம் ஏன் மாறுகிறது என்று இப்போது தெரியும்.

வரியையும் டிசைன் தொடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2500 ரூபாய் வரை உள்ள ரெடிமேட் உடுப்புக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். கல்யாண வீட்டு ஆண்களுக்கு ஒரே மாதிரி கோட் இல்லாத குர்தா செட், விலை 2400 என்று வையுங்கள், வரியோடு 2520. கழுத்தில் இன்னும் கொஞ்சம் எம்பிராய்டரி சேர்த்து 2600 ஆக்கினால் வரியோடு 3068. இருநூறு ரூபாய் பூவுக்கு வாங்குகிறவர் 548 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். அந்தப் பூவைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொல்வது டிசைனரின் வேலை. அப்புறம், எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கம் துணி வாங்கினால் பில்லில் ஐஜிஎஸ்டி வரும், சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும், வாளையாறில் பழைய விற்பனை வரி செக்போஸ்ட் இல்லை என்பதற்காகப் பேப்பர் இல்லாமல் வண்டியை விடாதீர்கள்.

ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கு என் யோசனை: எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதி வாங்குங்கள். எங்கள் பக்கம் வாடிக்கையாளர் மலையாளத்தில் சொல்வார், மாஸ்டர் தமிழில் கேட்பார், தைக்கிற பையன் ஒடிசாவிலிருந்து வந்திருப்பான். வாயால் சொன்ன மாற்றம் மூன்று மொழி தாண்டுவதற்குள் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். படம், அளவு இன்ச்சில், நூல் கலர், பட்டன், லேபிள் எங்கே, அச்சு காலரிலிருந்து எத்தனை இன்ச் கீழே என்று எல்லாம் அதில் இருக்கட்டும். பக்கத்திலேயே இதை எந்தத் தேதி வரை மாற்றலாம் என்று ஒரு கட்டம் போட்டு அதையும் யூனிட்காரரையே நிரப்பச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தை மளமளவென்று நிரப்புகிறவருக்குத் தன் வேலை தெரியும்.

யூனிட் நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. சாம்பிளுக்குக் கையெழுத்து வாங்கும் வரை ரெண்டு மாற்றம் இலவசம், அதற்கு மேல் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலில் சொன்னால் விலை, கடைசியில் சொன்னால் சண்டை.

ரெண்டு மாதம் கழித்து "இன்னும் பன்னிரண்டு பேர் சேர்ந்திருக்காங்க, அதே மாதிரி வேணும்" என்று வருவார்கள், இது நிச்சயம். பேட்டர்ன் இருக்கும், ஸ்கிரீனைக் கழுவாமல் வைத்திருந்தால் அதுவும் இருக்கும், ஆனால் அதே பச்சை கிடைக்காது. வேறு லாட்டில், அதாவது வேறு தடவையில், சாயம் போட்ட துணி பக்கத்தில் வைத்தால் தனியாகத் தெரியும், குரூப் போட்டோவில் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால் கிளப், ஸ்கூல், குழு என்று ஆள் கூடக்கூடிய எந்த ஆர்டரிலும் முதலிலேயே ரெண்டு மூன்று கிலோ துணி அதே லாட்டில் கூடுதலாக வாங்கி, வெட்டாமல், லாட் நம்பர் எழுதி எடுத்து வையுங்கள். அதை எந்த சைஸாகவும் எந்தக் கையாகவும் வெட்டிக்கொள்ளலாம். பில்லில் தனி வரியாகவே போட்டு வாடிக்கையாளரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.